ஒரு வாளி சுடுதண்ணி



மார்கழி மாதத்தில் வட்டக்கச்சிப் பக்கம் அதிகாலையில் வந்து பார்த்தவர்களுக்கு அந்தக் குளிர் தெரியும். மலைநாட்டுக் குளிர் மாதிரி இல்லை. வயல்வெளியும் வாய்க்காலும் சேர்ந்து ஊதுகிற ஈரக் குளிர். இரணைமடுக் குளத்தின் தண்ணீரை நம்பி உருவான குடியேற்றத்திட்டம் இது. வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால், அதற்குப் பின்னால் வயல் என்று இருக்கும். மழைக்காலத்தில் விறகு காயாது. தகரக் கொட்டிலில் அடுக்கி வைத்த விறகுகூட நெருப்புப் பிடிக்க மறுக்கும். 2018 மார்கழி வெள்ளம் வந்தபோது ஒரு நேரம் தேத்தண்ணி வைக்க நாங்கள் பட்ட பாட்டை இந்தப் பக்கத்தை வாசிக்கிற பலர் மறந்திருக்க மாட்டீர்கள்.

இந்த மாதம் நான் எழுதப்போவது சுடுதண்ணியைப் பற்றி. "உதென்ன பெரிய விசயமோ" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். அதற்குள் ஒரு கடன் இருந்தது. ஓர் உயிராபத்தும் இருந்தது.

நான் கிழமைக்கொருமுறை போய்வருகிற ஒரு வீடு இருக்கிறது. அந்த அக்காவின் கணவருக்கு 2009 மாசியில் செல் பட்டு முள்ளந்தண்டில் காயம். இடுப்புக்குக் கீழே இயக்கமும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. சக்கர நாற்காலிதான். அக்கா விடிய மூன்றரைக்கு எழும்புவா. தண்ணி சுட வைத்து, அவரைத் துடைத்து, கழுவி, உடுப்பு மாற்றி, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டி, ஆறு மணிக்கு வேலைக்குப் போகிற வானில் ஏறவேண்டும். படுக்கைப் புண் வராமல் இத்தனை வருடம் ஒரு மனிதரை வைத்திருப்பது லேசான காரியம் இல்லை. ஆஸ்பத்திரித் தாதிமாரே அந்த அக்காவைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள். (இதை எழுத இருவரிடமும் சம்மதம் கேட்டேன். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியும் இருக்கிறேன்.)

கடந்த மார்கழியில் ஒருநாள் போனபோது அக்கா ஒரு கடதாசியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தா.

"தங்கச்சி, இதில ஒரு கையெழுத்து வேணும். பிணைக்கு ஆள் கேக்கினம்."

வாங்கிப் பார்த்தேன். குழாயைத் திறந்ததும் சுடுதண்ணி வருகிற ஹீற்றர் ஒன்றுக்கான தவணைக் கடன். மோட்டார் சைக்கிளில் வீடு வீடாக வந்த ஒரு பெடியன், "அன்ரி, ஒரு சுவிட்ச் போட்டாக் காணும், அண்ணையைக் குளிப்பாட்டலாம்" என்று சொல்லியிருக்கிறான். கிழமைக் கட்டு. பன்னிரண்டு மாதம்.

"ஏனக்கா, கையில இருந்த கொயில் ஹீற்றருக்கு என்ன நடந்தது?"

"அது சரியில்லை. தொட்டாச் சுள்ளெண்டு அடிக்குது. முதல் போட்டவுடன ட்றிப் சுவிட்ச் விழும். பிறகு ஒராள் வந்து அதைச் சரியாக்கித் தந்தவர். இப்ப விழுறேல்ல. ஆனா அடிக்குது."

அந்தக் கடைசி இரண்டு வசனங்களில் இருந்த ஆபத்து எனக்கு அந்த நேரம் முழுதாக விளங்கவில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள் நான். டேர்க்கைமின் தற்கொலை பற்றிய ஆய்வு தெரியும். ட்றிப் சுவிட்ச் எதற்காக விழுகிறது என்று தெரியாது. கையெழுத்தைப் போடாமல், "ஒரு கிழமை பொறுங்கோ அக்கா, கேட்டுப்போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் செய்த ஒரே புத்தியான காரியம் அதுதான்.

எங்கள் ஊரில் மின்வேலை தெரிந்த ஒரு தங்கச்சி இருக்கிறா. என்.வி.கியூ. சான்றிதழ் எடுத்தவ. பெண்பிள்ளை கம்பத்தில் ஏறுவதா என்று கேட்டவர்கள் இப்போது அவவைத்தான் கூப்பிடுகிறார்கள். (கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் தொடங்கிய இலங்கை – ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்கள் பெண்பிள்ளைகள் சாதாரணதரம் முடித்துவிட்டு என்ன செய்வதென்று யோசித்தால் ஒருமுறை போய் விசாரித்துப் பாருங்கள்.) அவவை என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அன்று பார்த்தவற்றையும் கேட்டவற்றையும் ஒன்றொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் கொயில் ஹீற்றர். நாங்கள் கொயில் என்று சொல்கிற அந்த வளைந்த குழாய்க்குள்ளே சுருள் கம்பி ஒன்று இருக்கிறது. சூடாவது அதுதான். அந்தக் கம்பி வெளிக் குழாயில் முட்டாமல் இருக்க இடையில் வெள்ளைத் தூள் ஒன்றை இறுக்கி அடைத்திருப்பார்கள். மக்னீசியம் ஒட்சைட்டு என்று பெயர். சூட்டைக் கடத்தும், கரண்ட்டைக் கடத்தாது. வெளிக் குழாயில் ஒரு மயிர் வெடிப்பு விழுந்தாலே போதும், தண்ணீர் உள்ளே போய்த் தூள் நனைந்துவிடும். அதன் பிறகு கரண்ட் குழாய்க்கு வரும், குழாயிலிருந்து வாளித் தண்ணீருக்கு வரும்.

வெடிப்பு ஏன் வருகிறது? தண்ணீர் இல்லாமல் போடுவதாலும், வாளியில் தண்ணீர் குறையக் குறையக் கொயில் வெளியில் தெரிய விட்டுவிடுவதாலும்தான் பெரும்பாலும் வருகிறது. தண்ணீர்தான் அதன் சூட்டை இழுத்துக்கொள்கிறது. தண்ணீர் இல்லாவிட்டால் சில நிமிடத்திலேயே குழாய் சிவந்து பழுதாகிவிடும். எங்கள் கிணற்றுத் தண்ணியின் சுண்ணாம்பும் ஒரு காரணம். கொயிலைச் சுற்றி வெள்ளைப் பட்டையாகப் படிந்தால் சூடு வெளியேற வழியில்லை.

அந்தத் தங்கச்சி மல்ரிமீற்றரை எடுத்து, பிளக்கின் இரண்டு முள்ளிலும் வைத்துப் பார்த்தா. 53 ஓம் அளவில் காட்டியது. 230 வோல்ற்றில் ஓடும் 1000 வாற் கொயிலுக்கு அது சரியான அளவு. 1500 வாற் என்றால் 35 அளவில் காட்டும். ஆக உள்ளே கம்பி அறவில்லை. அடுத்து ஒரு முள்ளிலும் வெளிக் குழாயிலும் வைத்தா. அங்கே மீற்றர் ஒன்றுமே காட்டக்கூடாது. காட்டியது.

"அக்கா, இது ஒழுகுது. சிலவேளை கனநாள் போடாமல் வைச்சு ஈரம் குடிச்சாலும் இப்பிடிக் காட்டும், காயவிட்டாச் சரிவரும். ஆனா இதில வெடிப்புத் தெரியுது பாருங்கோ."

வளைவில் பச்சை பிடித்த ஒரு மெல்லிய கோடு. அந்தக் குழாயைத் திருத்த முடியாது. ஒட்டுப்போடவோ, பசை பூசவோ, ரேப் சுற்றவோ கூடாது. வயர் அறுந்திருந்தால் மாற்றலாம், பிளக் கருகியிருந்தால் மாற்றலாம். குழாய் வெடித்தால் எறிவது ஒன்றுதான் வழி. அக்கா அதைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட எடுத்து வைத்தா. அந்தத் தங்கச்சி விடவில்லை. வயரை அடியோடு வெட்டிவிட்டுத்தான் கொடுத்தா. இல்லாவிட்டால் அது வேறொரு வீட்டில் வாளிக்குள் போகுமாம்.

அடுத்து ட்றிப் சுவிட்ச். இதைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் இதைப் பற்றிப் பிழையான விளக்கம் இருக்கிறது.

போர்க்காலத்து வன்னியில் எங்களுக்கு ட்றிப் சுவிட்ச் பழக்கமில்லை. கரண்ட்டே இல்லை. 1990க்குப் பிறகு மண்ணெண்ணெயே தட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறை நாங்கள். 2009இல் போர் முடிந்து, மனிக்பாம் முகாமிலிருந்து திரும்பி வந்து, தகரக் கொட்டிலில் இருந்து, வீட்டுத்திட்டம் கிடைத்து, அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு வீடாக மின்சார சபை வயர் வந்தது. பலர் வயறிங்குக்குக் கடன்பட்டார்கள். ஆகவே சுவரில் ஏறிய அந்தப் பெட்டிகளின் வேலை என்னவென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. விழுந்தால் "பழுதாப் போச்சு" என்றுதான் நினைக்கிறோம்.

அது பழுதாகி விழுவதில்லை. வீட்டுக்குள் போகிற கரண்ட்டும் திரும்பி வருகிற கரண்ட்டும் சமமாக இருக்க வேண்டும். போனதில் கொஞ்சம் திரும்பி வரவில்லை என்றால் அது வேறெங்கோ ஒழுகுகிறது. சுவர் வழியாக, வாளி வழியாக, அல்லது ஒரு மனிதரின் உடம்பு வழியாக. 30 மில்லி அம்பியர் அளவு குறைந்தாலே அந்தச் சுவிட்ச் கண் இமைக்கும் நேரத்துக்குள் விழுந்துவிடும். 30 மில்லி அம்பியர் என்பது ஒரு சின்ன மின்குமிழுக்கு ஓடுவதைவிடக் குறைவு. ஆனால் மனித உடம்பினூடாகப் போனால் தசைநார் இறுகி, பிடித்த கையை விடமுடியாமல் போய்விடும். அதற்கு மேலே போனால் இதயம்.

அக்கா வீட்டில் அந்தச் சுவிட்ச் திரும்பத் திரும்ப விழுந்ததற்குக் காரணம் கொயில். சுவிட்ச் தன் வேலையைச் செய்தது. வந்து "சரியாக்கியவர்" செய்தது என்ன? இரண்டு வயர்களையும் சுவிட்ச்சுக்குள் விடாமல் நேரே இணைத்துவிட்டுப் போயிருக்கிறார். காவல்காரன் சத்தம் போடுகிறான் என்று காவல்காரனின் வாயைக் கட்டிவிட்ட மாதிரி. காசும் வாங்கியிருக்கிறார்.

அதோடு முடியவில்லை. குளிக்கிற இடத்துக்குப் பிளக் எட்டாது என்று ஒரு நீட்டு வயர் வைத்திருந்தா. அதன் பிளக் ஒருமுறை கருகி, வீட்டிலேயே மாற்றியது. திறந்து பார்த்தால் மண்ணிறமும் நீலமும் இடம் மாறியிருக்கிறது. பச்சை மஞ்சள் எர்த் வயர் கழன்று தொங்குகிறது. அதனால் என்ன நடக்கும் என்று அந்தத் தங்கச்சி விளங்கப்படுத்தினா. நீட்டு வயரின் சுவிட்ச்சை நிப்பாட்டினால் கரண்ட் வருகிற வயர் அறுபடாது. திரும்பிப் போகிற வயர்தான் அறுபடும். கொயில் சூடாகாது, சிவப்பு விளக்கும் அணைந்துவிடும். ஆனால் கொயிலில் கரண்ட் அப்படியே நிற்கும்.

அக்கா ஒவ்வொரு நாளும் அந்தச் சுவிட்ச்சைத்தான் நிப்பாட்டிவிட்டு, வாளிக்குள் கைவிட்டுச் சூடு பார்த்திருக்கிறா. ஈர நிலத்தில், வெறுங்காலோடு.

சக்கர நாற்காலியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த அண்ணை, "எனக்கு இடுப்புக்குக் கீழ கரண்ட் அடிச்சாலும் தெரியாது பிள்ளை" என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. குசினிக்குள் போய்விட்டா. தேத்தண்ணி கொண்டுவர நேரம் எடுத்தது.

அன்றே பழைய இணைப்பைக் கழற்றி ட்றிப் சுவிட்ச்சைத் திரும்பப் போட்டாச்சு. அதில் 'டி' என்ற ஆங்கில எழுத்துள்ள ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். சோதனைப் பொத்தான். மாதம் ஒருக்கால் அதை அமர்த்த வேண்டும். சுவிட்ச் உடனே விழுந்தால் நல்லது. விழாவிட்டால் மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். நீங்களே திறக்க வேண்டாம்.

இனி அந்தத் தவணை ஹீற்றருக்கு வருவோம்.

அந்தக் கடதாசியை அந்தத் தங்கச்சியிடம் காட்டினேன். அவ கேட்ட முதல் கேள்வி: "அக்கா, உங்களிட்டை மேல தாங்கி இருக்கோ?" இல்லை. கிணறும் வாளியும்தான். குழாயில் அமுக்கத்தோடு தண்ணீர் வந்தால்தான் அந்த ஹீற்றர் வேலை செய்யும். தாங்கியும் இல்லை, மோட்டரும் இல்லை என்றால் அதைச் சுவரில் பூட்டி அழகு பார்க்கலாம். இரண்டாவது, வயர். 3500 வாற் ஹீற்றர் என்றால் 15 அம்பியருக்கு மேல் இழுக்கும். 5500 வாற் என்றால் 24 அம்பியர் அளவில். சாதாரணச் சுவர்ப் பிளக் 13 அம்பியருக்குத்தான். தனியாகத் தடித்த வயர் இழுத்து, தனி பிறேக்கர் போடவேண்டும். விற்க வந்த பெடியன் தாங்கியைப் பற்றியும் சொல்லவில்லை, வயரைப் பற்றியும் சொல்லவில்லை. ஆக ஒரு ஹீற்றருக்கு வாங்கிய கடன், தாங்கிக்கு ஒன்று, மோட்டருக்கு ஒன்று, வயறிங்குக்கு ஒன்று என்று குட்டி போட்டிருக்கும்.

கடன் எப்படிக் குட்டி போடும் என்று எங்கள் மாவட்டப் பெண்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. கிழமைக் கட்டுக்காரர் வரும் நாளில் வீட்டைப் பூட்டிவிட்டு வயலுக்குள் போய் இருந்தவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். 2018இல் அரசாங்கம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்கும் அளவுக்கு அந்த நிலைமை போனது. அந்த அக்காவும் ஒரு பழைய குழுக் கடனை அப்போதுதான் கட்டி முடித்திருந்தா. பொருளின் விலையை மட்டும் பார்க்காமல், அது வேலை செய்ய வேறு என்னென்ன வேண்டும் என்று கேளுங்கள். விற்பவரிடம் கேட்காதீர்கள். பொருத்துபவரிடம் கேளுங்கள்.

அப்படியானால் சுடுதண்ணிக்கு என்ன வழி?

கொஞ்சம் கணக்குப் பார்த்தோம். அண்ணையைக் கழுவ ஒரு வாளி, 20 லீற்றர். மார்கழிக் கிணற்றுத் தண்ணி 26 பாகை அளவில் இருக்கும். அதை 38 பாகைக்குக் கொண்டுவந்தால் போதும். அதற்குத் தேவையான கரண்ட் சிந்தல் சேர்த்து ஓர் அலகில் மூன்றிலொரு பங்கு. விடிய ஒன்று, இரவு ஒன்று என்று இரண்டு வாளி என்றால் மாதம் 20 அலகு. அக்கா வீட்டில் ஹீற்றர் இல்லாமல் மாதம் 42 அலகு ஓடுகிறது. இரண்டும் சேர்ந்தால் 62. எங்கள் மின்கட்டண முறையில் 60 அலகைத் தாண்டினால் தாண்டிய இரண்டு அலகுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. முதல் அலகிலிருந்தே கூடிய விலைப் படிக்குப் போய்விடும். 2022 ஆவணியிலும் 2023 மாசியிலும் கட்டணம் ஏறியபோது பலருக்கு இது காசு கட்டித்தான் விளங்கியது. ஒரு வாளியைக் கரண்ட்டிலும் மற்ற வாளியை விறகிலும் சுட வைத்தால் 52 அலகில் நிற்கும்.

அப்போதுதான் அக்கா கட்டிலுக்குக் கீழே இருந்து ஒரு கேத்திலை இழுத்து எடுத்தா. "இதுவும் பழுது, கொதிக்க முதல் நிண்டிடும்." மூடியைத் திறந்தால் அடியில் ஒரு சதக் குத்தியின் தடிப்புக்கு வெள்ளைப் பட்டை. கேத்திலின் அடியில் ஒரு காவல் தகடு இருக்கிறது. அளவுக்கு மேல் சூடானால் அது நெளிந்து கரண்ட்டை நிப்பாட்டும். சுண்ணாம்பு படிந்தால் அடி மட்டும் கொதிக்கும், தண்ணீர் கொதிக்காது. தகடு அடிச் சூட்டைப் பார்த்து நிப்பாட்டிவிடும். நாலு தேசிக்காய்ப் புளியைத் தண்ணீரில் விட்டு ஒருமுறை சுடவைத்து, ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு ஊற்றினோம். பாதி கழன்றது. இன்னொருமுறை செய்தோம், மிச்சமும் போனது. வினாகிரியும் இதே வேலையைச் செய்யும். இரும்புப் பஞ்சு போட்டு உரஞ்சக் கூடாது. கீழ்த் தட்டில் ஒரு முனை கருகியிருந்தது. அதை அந்தத் தங்கச்சி தன்னிடம் கிடந்த ஒரு கழித்த கேத்திலில் இருந்து எடுத்து மாற்றித் தந்தா. இரண்டு பொதி தேங்காய் மட்டையைச் சம்பளமாகத் தரப் பார்த்தா அக்கா. அவ சிரித்துவிட்டுக் கூலியை மட்டும் வாங்கினா. வாங்கியது எனக்குச் சந்தோசம். பெண் செய்கிற வேலைக்குக் காசு வாங்கக் கூச்சப்படக் கூடாது.

கேத்திலால் வாளி நிறையச் சுடுதண்ணி எப்படி என்று கேட்பீர்கள். கொதித்த தண்ணி மூன்றேகால் லீற்றர் இருந்தால் மிச்சத்துக்குக் கிணற்றுத் தண்ணி விட்டு 20 லீற்றர் வெதுவெதுப்பாக்கலாம். 1.7 லீற்றர் கேத்தில் என்றால் இரண்டு தரம் கொதித்தால் சரி. செலவாகிற கரண்ட் கொயிலுக்கும் இதற்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கரண்ட் ஓடுகிற சாமான் வாளிக்குள் இல்லை. குளிக்கிற இடத்திலும் இல்லை. குசினியில் கொதிக்கிறது, தண்ணீர் மட்டும்தான் வெளியே வருகிறது. எனக்கு இதுதான் பிடித்திருந்தது. ஒரு விடயம்: கேத்திலை மெல்லிய நீட்டு வயரில் போடாதீர்கள். சுவர்ப் பிளக்கில் நேரே போடுங்கள்.

கொயில் ஹீற்றர்தான் உங்களுக்கு வசதி என்றால் வாங்குங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணீருக்குள் வைத்த பிறகு பிளக்கைப் போடுங்கள். பிளக்கைக் கழற்றிய பிறகு தண்ணீரைத் தொடுங்கள். சுவிட்ச்சை நிப்பாட்டினேன் என்று நம்பாதீர்கள், பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிக் கையில் பிடித்த பிறகு மற்ற வேலை. இரும்பு வாளி வேண்டாம். பிளாஸ்ரிக் வாளியில் கொயில் விளிம்பில் முட்டாமல் ஒரு தடியில் தொங்கட்டும். பிள்ளைகள் ஓடித்திரிகிற நேரத்தில் வேண்டவே வேண்டாம்.

மற்ற வாளிக்கு அடுப்பு. இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு அடுப்பில் எவ்வளவு தணல் வீணாகிறது என்று பாருங்கள். எங்கள் அம்மம்மாமார் கொடியடுப்பு வைத்திருந்தார்கள். பெரிய அடுப்பின் சூடு பக்கத்துக் கண்ணுக்குப் போகும், அதில் ஒரு பானை தண்ணி எந்த நேரமும் இருக்கும். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து மூன்று கல்லில் சமைத்த காலத்தில் அது எங்களை விட்டுப் போய்விட்டது. 1980களில் தென்னிலங்கையில் உருவாக்கிப் பரப்பிய அனகி அடுப்பும் அதே யோசனைதான். களிமண்ணில் இரண்டு கண். முன்கண்ணில் கறி, பின்கண்ணில் தண்ணி. மூன்று கல் அடுப்பைவிட மூன்றிலொரு பங்களவு விறகு மிச்சமாகும் என்கிறார்கள். விறகு மிச்சமென்றால் புகையும் குறைவு. வீட்டுக்குள் புகைகிற அடுப்புகளாலும் எரிபொருள்களாலும் 2020இல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

அக்காவின் அடுத்த கவலை, இரவு சுட்ட தண்ணி விடிய ஆறிவிடுமே என்பது. அதற்கு வட்டக்கச்சியில் மருந்து வயலிலேயே கிடக்கிறது. ஒரு பழைய மரப்பெட்டி எடுத்தோம். அடியில் ஒரு சாண் வைக்கோல். கொதித்த பத்து லீற்றர் பானையை மூடியோடு உள்ளே இறக்கி, சுற்றிவர வைக்கோலை இறுக்கி அடைத்து, மேலே உமி நிரப்பிய சாக்கைத் தலையணை மாதிரிப் போட்டு மூடினோம். இரவு எட்டு மணிக்கு வைத்தது. விடிய நாலரைக்குத் திறக்க நானும் போயிருந்தேன். காய்ச்சல் பார்க்கிற வெப்பமானி இதற்கு உதவாது. ஒரு விஞ்ஞான ரீச்சரிடம் ஆய்வுகூட வெப்பமானி இரவல் வாங்கிப் போயிருந்தேன். 65 பாகை. கை வைக்க முடியவில்லை. பானையில் மிச்சம் விடாமல் ஊற்றிக் கலந்தால் ஒரு வாளியும் இன்னும் கொஞ்சமும் வரும். உலக யுத்தக் காலத்தில் ஐரோப்பாவில் எரிபொருள் இல்லாதபோது அங்குள்ள பெண்களும் இப்படித்தான் வைக்கோல் பெட்டியில் சமைத்தார்களாம். யுத்தம் பெண்களுக்குப் படிப்பிக்கிற பாடங்கள் எல்லா இடமும் ஒன்றுதான் போல.

ஒரேயொரு விடயத்தில் நான் மிகவும் கண்டிப்பாக இருப்பேன். முள்ளந்தண்டுக் காயத்தால் உணர்ச்சி போனவர்கள், நரம்பு பட்டுப்போனவர்கள், நீரிழிவால் கால் மரத்தவர்கள் வீட்டில் இருந்தால், அவர்களிடம் "சுடுதோ" என்று கேட்டுப் பயனில்லை. 60 பாகைத் தண்ணி ஐந்து செக்கனில் தோலைப் பொசுக்கும். 50 பாகைத் தண்ணிகூட ஐந்து நிமிடத்தில். அவர்களுக்குத் தெரியவே தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் உங்களுக்கும் தெரியும், அந்தப் புண் ஆற மாதக் கணக்கு எடுக்கும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணி, பிறகுதான் சுடுதண்ணி. நன்றாகக் கலக்கிவிட்டு உங்கள் முழங்கை மடிப்பை உள்ளே வைத்துப் பாருங்கள். பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்ட எப்படிப் பார்ப்பீர்களோ அப்படி. வேலை செய்து காய்த்த கை சூட்டைச் சரியாகச் சொல்லாது. செல் துண்டு இன்னும் உடம்புக்குள் இருக்கிறவர்கள் குளிருக்கு ஒத்தடம் பிடிப்பதும் இதே மாதிரித்தான். போத்தலைத் துணியில் சுற்றாமல் தோலில் வைக்காதீர்கள், வைத்தபடி நித்திரையாகிவிடாதீர்கள்.

தை பிறந்த பிறகு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் அந்தத் தங்கச்சியைக் கூப்பிட்டு இதையெல்லாம் பேச வைத்தோம். பதினொரு பேர் வந்தார்கள். நாலு பேர் பழுதான கேத்திலோடு வந்தார்கள். கொயில் ஒன்றும் வந்தது. கூட்டம் முடிந்து வீடு வீடாகப் போய்ச் சோதனைப் பொத்தானை அமர்த்திப் பார்த்தோம். இரண்டு வீட்டில் சுவிட்ச் விழவில்லை. ஒன்றில் உள்ளே எறும்பு கூடு கட்டியிருந்தது. மற்றதில் அதே கதை, யாரோ ஒருவர் வந்து "சரியாக்கி" விட்டுப் போயிருக்கிறார்.

தவணைக் கடதாசி இன்னும் என் பைக்குள்தான் இருக்கிறது. அந்தப் பெடியன் இரண்டாம் முறை வந்தபோது அக்கா கேட்டாவாம், "தம்பி, இதுக்கு எத்தினை அம்பியர் வயர் இழுக்கவேணும்?" அவன் போனை எடுத்துக்கொண்டு படலைக்கு வெளியே போனவன் திரும்பி வரவில்லை.

இப்போது அக்கா நாலேகாலுக்குத்தான் எழும்புகிறா. முந்தியைவிட முக்கால் மணித்தியாலம் பிந்தி. அந்த நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"படுத்திருக்கிறன்" என்றா.